கும்மிடிப்பூண்டியின் நாய் தாசில்தார்

நாய்களுக்காக இவ்வளவு பாடுபட்ட மனிதர் இந்தியாவிலேயே கிடையாது. நாய்களைக் கண்டு இவ்வளவு நடுங்கிய மனிதரும் கிடையாது. இரண்டும் ஒரே ஆள்தான். நான் எதையும் வரிசை போட்டுச் சொல்லிப் பழகியவள். ஆகவே நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லின் மேனேஜரை ஒரு நாய் கடித்தது.

2. அந்த நாயையும் அதன் சுற்றத்தாரையும் சுட்டுத் தள்ளும்படி மேனேஜர் பஞ்சாயத்து யூனியனுக்கு எழுதினார்.

3. சுடுவதற்கான உத்தரவோடு ஓர் அதிகாரி வந்தார். நாயைப் பார்த்ததும் மேஜைமேல் ஏறிக்கொண்டார்.

4. மேஜைமேல் நின்றபடியே விசாரணை நடத்தினார்.

5. மறுநாள், அதே நாய் நோய் நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்று மேனேஜர் வீட்டில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

மேஜைமேல் ஏறியவர்தான் நம் ஆள். பஞ்சாயத்து யூனியனில் சுகாதார ஆய்வாளர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் 'நாய் தாசில்தார்'. நேரில் பேசும்போது முன்னால் இருக்கும் நாயை விழுங்கிவிட்டு 'தாசில்தார் சார்' என்பார்கள். அவரும் அன்றைக்குத்தான் பதவி உயர்வு வந்ததுபோலத் தலையை ஆட்டிக்கொள்வார்.

வயது ஐம்பதை ஒட்டி. பெரிய மீசை. வெயில், மழை, நாய் மூன்றுக்குமாக ஒரு குடை. சைக்கிளில் போகும்போது எதிரே நாய் தெரிந்தால் இரண்டு காலையும் ஹேண்டில்பாருக்குத் தூக்கிவிடுவார். அதற்குமேல் சைக்கிளே வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி நாள் அது வாய்க்காலுக்குப் போகும் வழியைப் பார்த்துக்கொண்டது.

"ஊட்ல பூனை கத்துனாக்கூட கட்டில்மேல ஏறிடுவாரும்மா" என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார். "நாய்னு நெனச்சுட்டேன்னு சொல்லுவாரு. மியாவ்னு எந்த நாய் கத்தும்?"

எழுபத்திரண்டில் நான் மெட்ராஸில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டுக் கும்மிடிப்பூண்டிக் கால்நடை மருந்தகத்தில் சேர்ந்தேன். டாக்டருக்குச் சுற்றுவட்டார மாடுகளே ஏராளம். வெறிநோய்த் தடுப்பூசி போடுவதை எனக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு, நாய்களை என் தலையில் கட்டிவிட்டார். பஞ்சாயத்து சார்பில் என்னோடு வர நியமிக்கப்பட்டவர் நாய் தாசில்தார். அதாவது, நான் நாய்க்குப் பக்கத்தில் இருப்பேன். அவர் எங்கேயாவது உயரத்தில் இருப்பார்.

முதல் வாரமே கேட்டுவிட்டேன். "இவ்வளவு பயத்தை வச்சுக்கிட்டு இந்த வேலை எதுக்கு சார்?"

"பயம் என்னுது. பதவி கவர்மெண்டுது. ரெண்டையும் கலக்கக்கூடாதும்மா."

விதி என்னவோ எளிமையானதுதான். நாய் வளர்க்கிறவர் அதைப் பஞ்சாயத்தில் பதிவு செய்து, ஊசி போட்டு, பித்தளை வில்லை வாங்கிக் கழுத்தில் கட்டவேண்டும். வில்லை இல்லாத நாயைப் பிடித்துக் கொன்றுவிடலாம். எங்கள் பக்கத்தில் அப்படிப் பதிவு செய்திருந்தவர்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு குடும்பமும் அரிசி மில் முதலாளியும்தான். மற்ற நாய்களெல்லாம் சட்டத்தின் கண்ணில் அனாதைகள். வெறிநோய் பயம் கிளம்பினால் துப்பாக்கிக்காரர் வருவார். அவர் போனபிறகு வேறு ஊர் நாய்கள் வந்து சேரும். அவற்றோடு பயமும் வந்து சேரும்.

நாய் தாசில்தார் விதிப் புத்தகத்தில் ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தார். நாயின் உரிமையாளர் என்பவர் அதை வளர்ப்பவர், அல்லது தன் இடத்தில் தங்கவிட்டு அதற்குத் தீனி கொடுப்பவர் என்று அதில் இருந்தது. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் 'வளர்ப்பவர்' வரை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்கள். இவர் வாக்கியம் முடியும்வரை படித்தார். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் ஒரு மனிதன் மிச்சச் சோற்றை நிம்மதியாகக் கீழே போடமுடியவில்லை.

ஆரம்பம் புதுவாயல் ஜங்ஷனில், பெருமாள் டீக்கடையில். கடை வாசலில் மூன்று நாய்கள் படுத்திருந்தன. நாய் தாசில்தார் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், நிறுத்தியிருந்த மாட்டுவண்டியின்மேல் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"பெருமாளு! இந்த மூணு நாயும் யாருது?"

"யாருதும் இல்ல சார். ரோட்டு நாயி."

"ரோடு கல்கத்தா வரைக்கும் கீது. உங் கடை வாசல்ல இன்னா பண்ணுதுங்க?"

"பழைய பன்னு போடுவேன் சார். காலையில நாஷ்டாவுக்குக் கரெக்டா வந்துடும்ங்க."

"எத்தினி நாளா?"

"இருக்கும் சார், ஒரு வருசமா."

அவர் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோம்மா. உரிமையாளர், டீக்கடை பெருமாள். நாய் மூணு."

பெருமாள் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி வழியில் நின்றுவிட்டது. "இன்னா சார் பேஜாரா கீது! பாவம்னு ஒரு பன்னு போட்டா, நாய்க்கு அப்பன் ஆயிடுவேனா?"

"ஒரு பன்னுக்கு ஆவ மாட்டே. ஒரு வருசப் பன்னுக்கு ஆயிடுவே. சட்டம்."

"எம் மச்சான்கூடத்தான் ஒரு வருசமா எங்கூட்ல துன்னுக்கினு கீறான். அவனையும் எம் பேர்ல எழுதிக்குவியா?"

"வாலு இருந்தா இட்டுக்கினு வா. எழுதிக்கிறேன்."

கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மூன்று நாய்களும் எழுந்துவிட்டன. நாய் தாசில்தார் வண்டியின் நுகத்தடிவரை பின்வாங்கினார். ஆனால் தீர்ப்பிலிருந்து பின்வாங்கவில்லை. பெருமாள் முணுமுணுத்துக்கொண்டே வில்லைக் கட்டணம் கட்டினார். நான் மூன்றுக்கும் ஊசி போட்டேன்.

ஒரு வாரம் பெருமாள் எனக்கு டீ தரும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் ஒரு லாரி கிளீனர், சும்மா கிடந்த நாயின்மேல் ஒரு கல்லை விட்டெறிந்தான். கடைக்குள்ளிருந்து கரண்டியோடு பாய்ந்து வந்தார் பெருமாள். "யார்ரா அவன்? பேர் பதிஞ்ச நாய்டா அது! உனுக்கு வில்லை கீதாடா? அதுக்குக் கீதுடா!"

அதற்கப்புறம் விஷயம் தலைகீழானது. எதிர்க்கடை சலூன்காரர் என்னைக் கூப்பிட்டு, "பெருமாளுக்கு மூணு குடுத்துட்டு எனக்கு ஒண்ணுகூட இல்லியா? நானும் பொறை போடறேன்ல?" என்று சண்டைக்கு வந்தார். இதை நான் வெட்கமில்லாமல் பெருமையாகவே சொல்கிறேன். மற்ற ஊர்களில் தெருநாய்களை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், புதுவாயலில் தெருநாய் என்ற ஜாதியே ஒழிந்துபோயிற்று. எல்லாம் வீட்டுநாய், வீடு மட்டும் தெருவில் இருந்தது.

எங்கள் வேலை முறையையும் சொல்லவேண்டும். மருந்தகத்தில் ஃபிரிட்ஜ் இருந்தது. ஆனால் தடுப்பு மருந்தை வெளியே எடுத்துப் போனால் வெயிலில் கெட்டுவிடும். ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டுத்தான் எடுத்துப் போகமுடியும். ஐஸுக்கு ஒரே வழி, பழவேற்காட்டிலிருந்து புதுவாயலுக்கு வரும் மீன் கூடைகள். கன்னியம்மா என்று ஒரு மீன்காரம்மா அங்கே இறங்குவார்.

"நர்சம்மா, ஐஸ வாங்கிக்கினு போய் இன்னா பண்றே?"

நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். "மருந்து கெடாம இருக்க."

"மீனு மாரியா?"

"மீன் மாதிரிதான்."

"அப்ப அடிக்கூடையிலேர்ந்து நல்ல ஐஸா எடுத்துத் தர்றேன். உம் மருந்து நாறிப்போச்சுன்னா எங்க பழவேற்காட்டுக்கு இல்ல கெட்ட பேரு?"

மருந்து நாறவில்லை. ஐஸ் நாறியது. அடிக்கூடை ஐஸ் இறால் தண்ணீரில் ஊறியது. நான் ஃபிளாஸ்கின் மூடியைத் திறந்த மாத்திரத்தில் கால் மைல் சுற்றளவிலுள்ள நாய்கள் எல்லாம் என் முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். தெருநாயைப் பிடிக்கச் சுருக்குக்கம்பு, வலை, இரண்டு பலசாலிகள் வேண்டும் என்று எங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் இறால் வாசனை போதும். சில நாய்கள் ஊசி போட்டுக்கொண்டு போய், வரிசையின் கடைசியில் மறுபடி வந்து நிற்கும். வில்லையைப் பார்த்து விரட்டவேண்டியிருக்கும்.

இந்த ஏற்பாட்டில் கஷ்டப்பட்டவர் நாய் தாசில்தார் ஒருவர்தான். வட்டாரத்து நாய்கள் மொத்தமும் ஒரே இடத்தில் கூடுவதை அவர் உயரத்திலிருந்து பார்க்கவேண்டும். ஒரு தடவை ஜங்ஷனில் நின்றிருந்த நெல்மூட்டை லாரியின் உச்சிக்கு ஏறி, தகரக் குழாய் ஒன்றை வாயில் வைத்து உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். "செவலைக்கு யாரு சோறு போடறது? கை தூக்கு!" கை தூக்குவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. டிரைவர் நெல்லூர்க்காரர், மேலே ஒரு சுகாதார ஆய்வாளர் இருப்பது அவருக்குத் தெரியாது. "நைனா, நிறுத்து நைனா!" என்ற குரல் ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே போய்த் தேய்ந்து மறைந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தார். தலையெல்லாம் உமி. முகத்தில் மட்டும் வெற்றிக்களை.

"ஆந்திரா பார்டர் வரைக்கும் இட்டுக்கினு போயிட்டான்மா. அங்க செக்போஸ்ட்ல ரெண்டு நாயி. சோறு போடறது யாருன்னு விசாரிச்சேன். செக்போஸ்ட்காரங்களே போடறாங்களாம்."

"அது நம்ம எல்லை இல்லையே சார்."

"நாய் தூங்கறது அந்தப் பக்கம். துன்றது இந்தப் பக்கம். எழுதிக்கோ."

யூனியன் ஆணையருக்கு இதெல்லாம் காதில் விழாமல் இல்லை. ஒருநாள் விதிப் புத்தகத்தை வரவழைத்து அந்த வாக்கியத்தை இரண்டு தடவை படித்தாராம். சிரித்தாராம். "அப்படியும் அர்த்தம் பண்ணிக்கலாம்தான்" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். நாய் தாசில்தாருக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்களை உள்ளே விடாத இடம் ஒன்றே ஒன்று. ரோட்டை ஒட்டியிருந்த அந்த ரோலிங் மில். "மில்லுக்குள்ள நாய் கிடையாது" என்று மேனேஜர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அப்படி அவர்கள் எழுதிக்கொண்டிருந்தபோதே கேட்டில் ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. பெயர் ஃபோர்மேன்.

பெயர் வைத்தவர் வாட்ச்மேன் ஏசுதாஸ். அப்பா காலம்வரை பிறர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம். மாதச் சம்பளம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் இவர். மில்லில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தான். நாய்க்கு ஃபோர்மேன் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இருந்தது. காலையில் சங்கு ஊதும் நேரத்துக்கு அது கேட்டில் வந்து நிற்கும். உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கும். சங்கு ஊதியபிறகு வருகிறவனைப் பார்த்துக் குலைக்கும். அப்படியும் நிற்காமல் போனால் பேண்டைப் பிடித்து இழுக்கும். காரில் வருகிறவர்களை அது கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

மேனேஜர் தினமும் காரில்தான் வருவார். ஒருநாள் கவரைப்பேட்டையில் கார் நின்றுவிட்டது. பஸ் பிடித்து இறங்கி, சங்கு ஊதி வெகுநேரம் கழித்து, வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். அவருடைய கால்களை ஃபோர்மேன் அதுவரை பார்த்ததே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம், நேரம் கழித்து ஓர் ஆள் நடந்து வருகிறான் என்பதுதான். குலைத்தது. அவர் குடையால் அடித்தார். அது பிடித்தது. பேண்டும் கிழிந்தது, கெண்டைக்கால் தோலும் கிழிந்தது.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி முதல் ஊசியைப் போட்டு அனுப்பினார்கள். அடுத்த நாளே யூனியனிலிருந்து உத்தரவு வந்தது. மில் வளாகத்தில் வில்லை இல்லாமல் திரியும் நாயை அப்புறப்படுத்தவும். நிறைவேற்ற வேண்டியவர், நாய் தாசில்தார்.

உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர் ஒருவரையும், மருந்தகத்தின் சார்பில் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் போனார். கேட்டருகே ஃபோர்மேனை ஒரு தூணில் கட்டியிருந்தார்கள். அதைக் கண்டதும் நாய் தாசில்தார், வாட்ச்மேனுடைய மேஜைமேல் ஏறிக் குடையை விரித்துக்கொண்டார். தொழிலாளர்கள் சுற்றிலும் நின்றார்கள். காலில் கட்டோடு மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சுடறதுக்கு முன்னாடி விசாரணை" என்றார் நாய் தாசில்தார் மேஜையிலிருந்து. "இதுக்குச் சோறு போடறது யாரு?"

எல்லோரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்கள். 'நான்' என்று சொன்னால் மேனேஜரைக் கடித்த நாய்க்குச் சொந்தக்காரன். நாளைக்கு வேலை இருக்காது. ஏசுதாஸ் மட்டும் அரை அடி முன்னால் வந்தார். அதை நானும் பார்த்தேன், மேஜைமேல் நின்றவரும் பார்த்தார். சட்டென்று குடையைத் திருப்பி அந்தப் பக்கத்தை மறைத்துக்கொண்டு, "யாரும் இல்லியா? சரி, இடத்தைப் பார்க்கணும்" என்றார்.

துப்பாக்கிக்காரர் தோட்டாவை எடுத்தார். "இருப்பா. எனுக்குச் சட்டம் முடியல, உனுக்குக் குண்டு ஆரம்பிச்சுடுச்சா?" என்று அவரைத் தடுத்தார் நாய் தாசில்தார்.

கட்டடத்தைச் சுற்றி வந்தோம். பின்பக்கம் ஒரு ஜன்னலுக்குக் கீழே போய் அவர் நின்றுவிட்டார். தரையில் ஒரு நாய் படுத்துப் படுத்து வழவழப்பான பள்ளம். அதைச் சுற்றிச் சப்பாத்தித் துண்டு, வடைத் துண்டு, காய்ந்துபோன பொங்கல்.

"இது யாரு ரூம் சார்?"

நொண்டிக்கொண்டு வந்த மேனேஜர், "என்னோடது" என்றார்.

"இந்தப் பொங்கல்?"

"வீட்லேர்ந்து அஞ்சு அடுக்கு கேரியர் வருதுய்யா. மிஞ்சினதை ஜன்னல் வழியாக் கொட்டுவேன். நாய்க்காகப் போடலை. சும்மா கொட்டினேன்."

"தினமுமா?"

"தினமும்தான் அஞ்சு அடுக்கு அனுப்பறா. நான் என்ன பண்றது?"

"நீங்க கொட்டினீங்க. அது துன்னுச்சு. இங்கியே படுத்துக்கிச்சு. நீங்களும் வெரட்டல." அவர் என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோம்மா. உரிமையாளர், மில் மேனேஜர். நாய் ஒண்ணு. கடிச்சது, மேற்படி மேனேஜரோட நாய். கடிபட்டது, மேற்படி மேனேஜர்."

பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். மேனேஜருக்கும் தெரிந்தது. முகம் சிவந்துவிட்டது.

"சரிய்யா. என் நாய்தானே? சொந்தக்காரன் சொல்றேன். சுடு."

நாய் தாசில்தார் விதிப் புத்தகத்தைத் திறந்தார். மூடினார். சொந்தக்காரரே ஒப்புக்கொண்டால் தடுக்க விதி இல்லை. சட்டம் அவரைக் கைவிட்டு நான் பார்த்த ஒரே நிமிஷம் அதுதான். குடை மெல்ல இறங்கியது.

அப்போதுதான் நான் முன்னால் போனேன். எனக்குச் சட்டம் தெரியாது. ஊசியைப் பற்றித் தெரியும்.

"தாராளமா சுடலாம் சார். சுடறதுக்கு முன்னால மூணு விஷயம் கேட்டுக்குங்க. ஒண்ணு, இந்த நாய்க்குத் தடுப்பூசி போடலை. மில்லுக்குள்ள எங்களை விடலை. அதனால இதுக்கு வெறிநோய் உண்டா இல்லையான்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது. ரெண்டு, கட்டி வச்சுப் பத்து நாள் பார்க்கணும். நாய் நல்லா இருந்தா கடிச்ச அன்னிக்கு அதுக்கு நோய் இல்லைன்னு அர்த்தம்; டாக்டர் மிச்ச ஊசியை நிறுத்திடுவார். மூணு, இப்பவே சுட்டுட்டா, தொப்புளைச் சுத்திப் பதினாலும் போட்டுத்தான் ஆகணும். அதுக்கப்புறமும் மாசக்கணக்கா, நமக்கு ஏதாவது வந்துடுமோன்னு நினைச்சுக்கிட்டே இருக்கணும்."

மேனேஜரின் கை தன்னையறியாமல் வயிற்றுக்குப் போயிற்று.

"சுட்டுடலாமா சார்?" என்றார் துப்பாக்கிக்காரர், கேட் பக்கம் திரும்பியபடி.

"யோவ்! துப்பாக்கியைக் கீழே போடுய்யா முதல்ல!" என்று அலறினார் மேனேஜர்.

நாய் தாசில்தாரின் மீசை நிமிர்ந்தது. "நாய் நல்லா இருந்தா நீங்களும் நல்லா இருப்பீங்க சார்" என்றார், ஆசீர்வாதம் செய்வதுபோல.

ஃபோர்மேனைச் சைக்கிள் ஷெட்டில், கம்பிவலைக்குப் பின்னால் தனியாகக் கட்டினோம். தினமும் காலையில் மேனேஜர் பொன்னேரிக்குப் போய் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு நேரே அங்கே வருவார். கேரியரின் ஐந்து அடுக்கையும் அதன் முன்னால் தள்ளச் சொல்வார். வலைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அதன் முகத்தையே பார்ப்பார். "கண்ணு கொஞ்சம் சிவப்பா இருக்கே?" என்பார். "நேத்துகூட அப்படித்தான் சார் இருந்துச்சு" என்பார் ஏசுதாஸ். நாய் தாசில்தார் பக்கத்தில் ஒரு ஸ்டூல்மேல் நிற்பார்.

மூன்றாம் நாள் ஃபோர்மேன் சாப்பிடவில்லை. நான்காம் நாள் தண்ணீரையும் தொடவில்லை. தண்ணீர்ச் சட்டியைக் காலால் தள்ளிவிட்டு மூலையில் சுருண்டுகொண்டது. வெறிநோய் வந்த நாய் தண்ணீர் குடிக்காது என்பது ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நோயா, கோபமா என்று பார்த்துச் சொல்லும் அளவுக்கு நான் படித்திருக்கவில்லை.

ஏசுதாஸ்தான் மெதுவாகச் சொன்னார். "சங்கு ஊதறப்ப மட்டும் காதைத் தூக்குது சார். கட்டிப்போட்டதுலேர்ந்து அதுக்கு டூட்டி இல்ல. அந்த ஏக்கமோ இன்னாவோ."

நாய் தாசில்தார் ஸ்டூல்மேல் நின்றபடி கொஞ்சநேரம் மீசையைத் தடவினார். பிறகு மேனேஜரைப் பார்த்தார். "சார், நாளைக்கு நீங்க லேட்டா வரணும்."

"என்னய்யா சொல்றே?"

"கார் கூடாது. சங்கு ஊதினப்புறம், நடந்து வரணும்."

மறுநாள் காலை ஷிப்ட் முழுவதையும் மெயின் கேட் வழியாக விடாமல், ஷெட்டின் கம்பிவலையை ஒட்டி வரிசையாக வரச் சொன்னார். முதல் பத்துப்பேர் போனபோது ஃபோர்மேன் அசையவில்லை. பிறகு தலையைத் தூக்கியது. பிறகு எழுந்து உட்கார்ந்தது. சங்கு ஊதியபோது நான்கு காலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி ஆளும் போய்விட்டான். பாதை காலியாக இருந்தது.

தூரத்தில் மேனேஜர் தனியாக நடந்து வந்தார், காலை ஊசியின் வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஷெட்டுக்கு எதிரே வந்தார். ஃபோர்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தது. கம்பிவலை அதிரும்படி குலைத்தது. நிறுத்தாமல் குலைத்தது.

"திட்டுது!" என்று கத்தினார் மேனேஜர். கண்ணில் தண்ணீர். "என்னைப் பார்த்துத் திட்டுதுய்யா!"

மில்லே கை தட்டியது. ஆனால் சட்டி இன்னும் காலியாக, அதற்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. ஏசுதாஸ் குடத்தை எடுத்துக்கொண்டு வலைக்கதவைத் திறக்கப் போனார்.

"நில்லுப்பா" என்று ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "நோய் இல்லைன்னு இன்னும் முடிவாவல. நீ புள்ளகுட்டிக்காரன். இது கவர்மெண்டு வேலை. கவர்மெண்டு பார்க்கும்."

நாய் தாசில்தார் இறங்கினார். குடத்தை வாங்கிக்கொண்டு வலைக்கதவைத் திறந்து, குடையைக் கேடயம்போல் விரித்து முன்னால் பிடித்தபடி உள்ளே போனார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். குடத்தைச் சாய்த்துச் சட்டியை நிரப்பி, காலால் தரையைத் தடவித் தடவிச் சட்டியை நாயின் பக்கம் தள்ளினார். கண்ணை மூடியிருந்ததில் பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்தியது. ஃபோர்மேன் கிட்டே வந்தது. குடையை முகர்ந்தது.

"ஏம்மா, கடிச்சுடுச்சா?"

"இல்லை சார். தண்ணி குடிக்குது."

"முழுசாக் குடிக்கட்டும். அப்புறம் சொல்லு. கண்ணைத் தொறக்கறேன்."

சட்டி காலியாகும்வரை அவர் அங்கேயே நின்றார். சளப், சளப் என்று அது குடித்துக்கொண்டே இருந்தது. என் உத்தியோகத்தில் நான் நிமிர்ந்து நின்ற நாட்களை வரிசைப்படுத்தச் சொன்னால் அந்தக் காலைதான் முதலில் வரும்.

பத்து நாள் முடிந்தது. டாக்டர் ஊசியை நிறுத்தினார். நான் ஃபோர்மேனுக்குத் தடுப்பூசி போட்டேன். மேனேஜர் தன் கையாலேயே வில்லையைக் கட்டினார்; அவர் பெயரில்தான். அன்றிலிருந்து மில் கேட் எங்களுக்கு எப்போதும் திறந்திருந்தது.

இப்போதைய நிலவரம் இது. எங்கள் யூனியனில் நாய்களுக்கு வருஷாவருஷம் ஊசி போடுகிறோம். அந்த உத்தரவுக்கு அப்புறம் வேறு துப்பாக்கிக்காரர் வரவில்லை. ஃபோர்மேனுக்கு வயதாகிவிட்டது, குலைப்பது குறைந்து, முறைப்பது அதிகமாகியிருக்கிறது. நாய் தாசில்தாரைப் போன வருஷம் பள்ளிப்பட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே சந்தையில் வேர்க்கடலை மண்டிக்காரர் ஒருவரை ஏழு நாய்களுக்குச் சொந்தக்காரராக்கிவிட்டாராம். அந்தப் பக்கத்துப் பஸ் கண்டக்டர் சொன்னார். பெயர் எழுதியாகிவிட்டது, ஊசி போடத்தான் ஆள் இல்லையாம். பள்ளிப்பட்டு மருந்தகத்தில் டெக்னீஷியன் இடம் காலியாக இருக்கிறது. எனக்கு அந்த ஊரில் ஒருத்தரையும் தெரியாது, அவர் ஒருவரைத் தவிர. மனுப் போட்டிருக்கிறேன்.